ஐந்து விரல் சாயம்

"விசில் குடுங்கண்ணா... வண்டியை நிறுத்துங்க. இந்தப் பொண்ணுக்கு ரத்தம் ஊத்துது."

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வந்துகொண்டிருந்த பேருந்து, சூளகிரிக்குச் சற்று முன்னால், கொட்டுகிற மழையில் ஓரங்கட்டி நின்றது. உள்ளே இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலோரம் அரைத் தூக்கத்தில் இருந்த பொற்கொடியும் திரும்பிப் பார்த்தாள். ஐயோ பாவம்... எந்தப் பெண்ணோ?

அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பாவப்பட்ட பெண் அவள்தான் என்று.

மடியில் வைத்திருந்த அட்டைப்பெட்டியின் மூலையிலிருந்து செக்கச் செவேலென்று ஏதோ கசிந்து, அவளுடைய வலது கையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்று அப்படிக் கத்தியவன் அவள் மணிக்கட்டைக் கப்பென்று பிடித்து மேலே தூக்கிவிட்டான். கையைக் கீழே இறக்காதீங்க, இறக்கினா இன்னும் போகும் என்று கம்பெனியில் கற்றுக்கொடுத்த முதலுதவியை மூச்சுவிடாமல் சொன்னான். இன்னொரு கையால் கைக்குட்டையை உதறிக் கட்டுப்போடப் பார்த்தான். பின் இருக்கையில் ஒருவர் அதற்குள் நூற்றெட்டுக்குப் போன் போட்டுவிட்டார். பூக்கூடையோடு இருந்த மங்கம்மா என்கிற அம்மாள் தெலுங்கில் ஒரு சாமியையும் தமிழில் ஒரு சாமியையும் கூப்பிட்டாள்.

பொற்கொடிக்கு வந்ததே கோபம்... அந்தக் கையாலேயே அவன் நெஞ்சில் வைத்து ஒரே தள்ளு.

"கையை விடுங்க. ரத்தம் இல்ல இது. சாயம்."

பேருந்தே கப்சிப். நடத்துநர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். நூற்றெட்டுக்குப் போன் போட்டவர் அதே போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் மட்டும் அப்படியே நின்றான். அன்றைக்குத்தான் மடிப்புக் கலைத்து உடுத்திய வெள்ளைச் சட்டை போலிருக்கிறது. அதன் சட்டைப் பைக்கு மேலே, இடது பக்கம், ஐந்து விரல்களும் அச்சாகப் பதிந்திருந்தன... பளீரென்ற ரோஸ் நிறத்தில்.

குனிந்து பார்த்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று அவள் பதிலோடு தயாராக இருந்தாள். அவனோ, இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் சிரித்துவிட்டான். கண்கள்தான் முதலில் சிரித்தன. பெரிய கண்கள். மழை இருட்டிலும் வெளிச்சம் குறையாத கண்கள். அந்த நேரம் பார்த்து அதையெல்லாம் கவனித்த தன் மீதே பொற்கொடிக்கு எரிச்சல் வந்தது.

எரிச்சலை விழுங்கிக்கொண்டு விவரம் சொன்னாள். அவள் ஓசூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியன். நோயாளிகளிடமிருந்து ஆபரேஷனில் எடுத்து அனுப்புகிற சதைத் துணுக்குகளைச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. சிவப்புச் சாயம் தீர்ந்துபோனதால், கிருஷ்ணகிரியில் தெரிந்த ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கடன் வாங்கி வருகிறாள். ஈயோசின் என்று அதற்குப் பெயர். மூடி சரியாக இல்லை. நல்லவேளை, பாதி மிச்சமிருந்தது.

பேரைக் கேட்டாள். கமலக்கண்ணன் என்றான். கம்பெனி வேலை என்றும், மோட்டார் பைக் டேங்குகளுக்குப் பெயின்ட் அடிக்கிற இடத்தில் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை என்றும் சொன்னான்.

"ஷேடு பாக்கிறவருக்கு ரத்தம் எது, சாயம் எதுன்னு தெரியலையாக்கும்?"

"மழை இருட்டுங்க..." என்று தலையைச் சொறிந்தான். "அதுவுமில்லாம பயந்துட்டேனுங்க. பயந்தா எல்லாச் சிவப்பும் ஒண்ணாத்தான் தெரியுது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பிரிட் போட்டால் கறை துப்புரவாகப் போய்விடும், சட்டையைக் கொண்டு வந்து கொடுங்க, நானே எடுத்துத் தர்றேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மழை விட்டிருந்த ஓசூரில் இறங்கினாள். கணக்கு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். நினைப்பதற்கென்ன...

மறுநாள் காலை மத்திகிரி நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றால், எதிரே அதே கண்கள்.

ஒரே ஊரில், இரண்டு தெரு தள்ளி வாடகைக்குக் குடியிருந்துகொண்டு இத்தனை காலம் பார்த்துக்கொள்ளவே இல்லை. அவன் ஓசூர் நிலையத்தில் இறங்கி, மூக்கண்டப்பள்ளிப் பக்கம் போகிற வேறு பஸ் பிடிப்பானாம். அதுவரைக்கும் ஒரே வண்டி.

"சட்டை எங்க?" என்றாள் எடுத்த எடுப்பில்.

மறந்துட்டேனுங்க என்றான். அதற்கடுத்த நாளும் மறந்தான். அடுத்த வாரம் முழுக்க மறந்தான். ஒரு நாள் ரூமில் ஆள் இல்லை என்றான், இன்னொரு நாள் சாவி இல்லை என்றான், மற்றொரு நாள் மழை என்றான். பொற்கொடிக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும், தினமும் தவறாமல் சட்டை எங்கே என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் அவர்களுடைய காலையே தொடங்கியது.

அவள் விரல்கள் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். உறை போட்டுக்கொண்டாலும் எப்படியோ உள்ளே இறங்கிவிடும். நுனியில் ரோஸ், நகக்கண்ணில் ஊதா. ஒரு நாள் அவன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, எலெக்‌ஷனே வரலை, நீங்க மட்டும் எங்கே போய் ஓட்டுப் போட்டீங்க என்று கேட்டான். கூட்டத்தில் தொங்கிக்கொண்டே அவள் விளக்கினாள். முதலில் ஊதாச் சாயம், அது ஒரு மரத்திலிருந்து எடுப்பது. அப்புறம் இந்த ரோஸ். ஒன்று செல்லின் நடுவில் இருக்கிற கருவைப் பிடிக்கும், மற்றது சுற்றியிருப்பதைப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் டாக்டர் மேடம் பார்த்து, இது வெறும் கட்டியா, புற்றுநோயா என்று சொல்ல முடியும்.

"சாயம் ஏத்தலேன்னா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் தெரியாது. வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும். எல்லாம் அங்கேயேதான் இருக்கும்... ஆனா இருக்கிறதே தெரியாது. சாயம் ஏறினாத்தான் தெரியும்."

அவன் அவள் விரல்களையே பார்த்தான். பிறகு, அப்ப உங்க கையில இருந்துதான் ஒருத்தருக்கு விஷயமே தெரிய வருது, இல்லீங்களா என்றான் மெதுவாக. பொற்கொடி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டியதை அவன் பார்க்கக்கூடாதே...

ஏன் கண்ணீர் என்று கேட்கிறீர்களா? போன சித்திரையில் நடந்ததைச் சொன்னால்தான் புரியும். திண்டுக்கல்லிலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தி, பேச்சு பொருந்தி, தேதி பார்க்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை வேலையைப் பற்றி விசாரித்தாள். பொற்கொடி உள்ளதைச் சொன்னாள். சதை அறுக்கிற கையாலயா நாளைக்குச் சோறு போடப் போற என்று அந்த அம்மாள் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அம்மா வீரலட்சுமி, மகள் வேலையைப் பற்றி வெளியே வாய் திறப்பதில்லை. பொற்கொடிக்கோ அந்த வேலையை விட மனமில்லை. அவள் கையை மூக்கைச் சுளிக்காமல் ஒருவன் பார்த்தது, இதுதான் முதல் தடவை.

மழை நின்று, பனி இறங்கத் தொடங்கிய சமயத்தில் அடுத்த வரன் வந்தது. துறையூர்க்காரர்கள். பையனுக்குப் பெங்களூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அப்பா பாஸ்கரன் ஓவர்டைமுக்குப் போகாமல் வீட்டில் இருக்கச் சம்மதித்தார். அம்மா, வீட்டுக்காரம்மா சாந்தம்மாவின் வாசலில் இருந்த மருதாணிச் செடியை மொட்டையடித்துவிட்டு வந்து, மகள் கையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா இது?" என்று கேட்டாள் பொற்கொடி.

"உன் கையில இருக்கிற அந்தக் கலரு மறையட்டும். பாத்தா கேப்பாக. கேட்டா நீ வேற அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு கணக்கா அம்புட்டையும் ஒப்பிப்ப. கம்ப்யூட்டர்ல ரிப்போட்டு அடிக்கிறான்னு நான் சொல்லிக்கிறேன்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் சொல்லச் சொல்லலடி. கேக்காததைச் சொல்லாதேங்கிறேன்."

அம்மாவின் குரல் கடைசியில் உடைந்தது. அதனால்தான் பொற்கொடி கையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. விரல் ஒவ்வொன்றுக்கும் தொப்பி தொப்பியாக மருதாணி ஏறியது. காலையில் உதிர்த்தபோது நல்ல ஆரஞ்சுச் சிவப்பு. அடியிலிருந்த ரோஸ் போன இடம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமலக்கண்ணன் ஏறினான். சிரித்தான். வழக்கம்போல அவள் விரல்களைப் பார்த்தான். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"இது உங்க கலர் இல்லீங்களே..."

ரத்தத்துக்கும் சாயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன், இதை மட்டும் எப்படி ஒரே பார்வையில் கண்டுபிடித்தான்!

"மருதாணி," என்றாள். "ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். ஏதாவது சொல்லு... எதையாவது சொல்லித் தொலையேன்... என்று உள்ளுக்குள் ஒருத்தி கெஞ்சிக்கொண்டிருந்தாள். வெளியே இருந்தவளோ தலையை நிமிர்த்தி, எனக்கென்ன என்பது போல் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனாகச் சொல்லட்டுமே, நானாகக் கேட்பேனா என்கிற வீம்பு. அது ஒன்று போதாதா கெடுப்பதற்கு?

"நல்லதுங்க," என்றான் அவன். நிலையம் வந்ததும் இறங்கிப் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் முதன்முறையாக அவள் சட்டை எங்கே என்று கேட்கவில்லை. சனிக்கிழமை காலை, கேட்காமலேயே அவன் சட்டையைக் கொண்டு வந்தான்.

ஒரு துணிக்கடைப் பையில் மடித்து வைத்திருந்தான். அவளிடம் நீட்டினான். கண்களைப் பார்க்கவில்லை. முடிஞ்சப்ப எடுத்துக் குடுங்க, அவசரமில்லீங்க என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் முன்னால் நகர்ந்து போய்விட்டான். இத்தனை நாளாக மறந்து மறந்து வைத்திருந்த சட்டை... அதையே கொடுத்துவிட்டான் என்றால், இனிமேல் பேச ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? போகட்டும். கறையை எடுத்து, தேய்த்து, மடித்து மூஞ்சியில் வீசிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆய்வகத்தில் வேலை ஓய்ந்த மதியம், மேசையில் சட்டையை விரித்தாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தினமும் அந்தச் சாயத்தோடு குப்பை கொட்டுகிறவள் அவள். அதன் குணம் அவளுக்குத் தெரியும். வெறும் தண்ணீர் பட்டாலே கரைந்து பரவுகிற சாயம் அது. ஒரு முறை பக்கெட்டில் முக்கியிருந்தால்கூடப் பாதி போயிருக்கும், ஓரமெல்லாம் கலங்கி வெளுத்திருக்கும். வெயிலில் போட்டிருந்தால் மங்கியிருக்கும். இங்கே ஐந்து விரலும், பஸ்ஸில் அவள் தள்ளிய அந்த நிமிடத்தில் விழுந்தது போலவே, கோடு கோடாக இருந்தன. மோதிர விரலின் ரேகைகூடத் தெரிந்தது.

சட்டையை அவன் துவைக்கவே இல்லை. நனைக்கவும் இல்லை. வெளிச்சம் படாமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

"அட லூசு..." என்றாள் பொற்கொடி, ஆளில்லாத அறையில். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பதறிப்போய்ச் சட்டையைத் தள்ளி வைத்தாள், ஒரு சொட்டு விழுந்துவிட்டால் கறை கலைந்துவிடுமே என்று. ஸ்பிரிட் பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை துறையூர்க்காரர்கள் வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் பரிமாறப்பட்டன. பையன் நல்லவனாகத்தான் தெரிந்தான். அவனுடைய அம்மா பொற்கொடியைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். மருதாணி எப்படிச் செவந்திருக்கு பாரு, புருஷன் மேல உசுரா இருப்பா என்று மெச்சினாள். வீரலட்சுமியின் முகம் பூரித்தது.

பொற்கொடி அம்மாவைப் பார்த்தாள். மன்னிச்சுக்கோம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"இது மருதாணிங்க ஆன்ட்டி. இதுக்கு அடியில வேற சாயம் இருக்கு," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். எந்தச் சதை, யாருடையது, எப்படிச் சீவுவது, ஏன் நிறம் ஏற்றுவது... ஒன்றையும் விடவில்லை. வேலையை விடப்போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அந்த அம்மாள் பிடித்திருந்த கையை, சுடுகிற பாத்திரத்தை இறக்கி வைப்பது போல, மெல்ல மடியில் இறக்கி வைத்தாள். ஊருக்குப் போய்ப் போன் பண்றோம் என்று எழுந்துகொண்டார்கள். பஜ்ஜி அப்படியே ஆறிக் கிடந்தது.

அம்மா கத்துவாள் என்று பார்த்தால், டம்ளர்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இந்த வேலையை நீ உள்ளபடி சொல்லி, சரிங்கிறவன் ஒருத்தனாவது இந்த உலகத்துல இருக்கானாடி?"

பொற்கொடியின் கன்னம் அவளைக் கேட்காமலேயே சிவந்தது. வீரலட்சுமி மகளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

"இருக்கான் போல," என்று டம்ளர்களோடு உள்ளே போனாள். குரலில் கோபம் இருந்தது. ஆனால் முழுக்கக் கோபம் இல்லை.

திங்கட்கிழமை காலை தூறல். மத்திகிரி நிறுத்தத்தில் கமலக்கண்ணன் தள்ளி, டீக்கடைத் தாழ்வாரத்தின் ஓரமாக நின்றிருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் இல்லாத பஸ்ஸை எட்டிப் பார்த்தான். பொற்கொடி நேராகப் போய்த் துணிக்கடைப் பையை நீட்டினாள்.

"சட்டை."

"போயிடுச்சுங்களா?"

"பிரிச்சுப் பாருங்க."

பிரித்தான். ஐந்து விரல்களும் அவனைப் பார்த்துச் சிரித்தன. அவன் குழம்பிப்போனான். "போகலீங்களா... ஸ்பிரிட் போட்டா போயிடும்னு சொன்னீங்களே?"

"போகும். வெறும் தண்ணியில முக்கியிருந்தாலே பாதி போயிருக்கும். நீங்க ஏன் முக்கல?"

அவன் முகம் சட்டைக் கறையின் நிறத்துக்கு வந்துவிட்டது. மாட்டிக்கொண்டான். தரையைப் பார்த்தான், தூறலைப் பார்த்தான், கடைசியில் வேறு வழியில்லாமல் அவளையே பார்த்தான்.

"நீங்க ஏன் எடுக்கல?" என்றான்.

"நான்தான் முதல்ல கேட்டேன்."

பஸ் வந்தது. நின்றது. இரண்டு பேரும் ஏறவில்லை. நடத்துநர் என்னம்மா, வரலையா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

"அன்னைக்கு நீங்க சொன்னீங்க இல்லீங்களா..." என்று தடுமாறித் தடுமாறித் தொடங்கினான். "எல்லாம் அங்கேயேதான் இருக்கும், சாயம் ஏறினாத்தான் தெரியும்னு. எனக்கும் அப்படித்தாங்க. உங்க கையில மருதாணியைப் பாத்த அந்த நிமிஷம்தான், எனக்குள்ள இவ்ளோ இருக்குதான்னு எனக்கே தெரிஞ்சுது. ஆனா கேக்க வாய் வரல. நாங்க வேப்பனப்பள்ளிங்க, வீட்ல தெலுங்குதான் பேசுவோம். உங்க வீட்ல என்ன நினைப்பாங்களோ... நீங்களும் பெருமையா நின்னுட்டிருந்தீங்க. சரி, நமக்கு இல்லன்னு..."

"பெருமையா? அழுகையை அடக்கிட்டு நின்னேன்யா," என்றாள். அவளுக்கே தெரியாமல் மரியாதை பறந்துவிட்டது. "அவங்ககிட்ட என் வேலையை முழுசாச் சொன்னேன். எழுந்து போயிட்டாங்க. நாளைக்கு உங்க வீட்லயும் இதையேதான் கேப்பாங்க. சதையைத் தொடுற கைன்னு சொல்வாங்க. அப்ப நீங்களும் நல்லதுங்கன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிடுவீங்களா?"

கேட்டுவிட்டாள். போன சித்திரையிலிருந்து நெஞ்சில் கல்லாகக் கிடந்த கேள்வி அதுதான்.

"எங்கம்மாவுக்கு எப்பவோ தெரியுங்க."

"என்னது?"

"ஊர்ல இருந்து என் ரூமுக்கு வந்திருந்தப்ப, அந்தச் சட்டையைத் துவைக்கறேன்னு எடுத்தாங்க. நான் புடுங்கிட்டேன். அப்ப கேட்டாங்க, சொல்லிட்டேன். இந்த மாதிரி ஒரு பொண்ணு, இந்த மாதிரி வேலை, கையெல்லாம் எப்பவும் சாயமாவே இருக்கும்னு..."

"என்ன சொன்னாங்க?"

கமலக்கண்ணன் சிரித்தான். கண்கள்தான் முதலில் சிரித்தன.

"அப்ப கல்யாணத்துக்கு மருதாணி அரைக்கிற வேலை மிச்சம்னாங்க."

தூறல் வலுத்தது. டீக்கடைக்காரர் பார்க்கிறாரே, தெருவே பார்க்கிறதே என்றெல்லாம் அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மருதாணிச் சிவப்பையும் மீறி நுனியில் மறுபடியும் ரோஸ் எட்டிப்பார்க்கிற தன் வலது கையை நீட்டினாள். அவன் விரித்துப் பிடித்திருந்த சட்டையில், அதே இடத்தில், அதே ஐந்து விரல்களின் மேல் வைத்தாள்.

இந்த முறை தள்ளவில்லை.